வார்த்ததா, பத்த வச்சதா?

கோவையில் அப்பாவின் நகைப் பட்டறையில் ஒரு விதி உண்டு. தராசில் எதை வைத்தாலும் அதற்கு முன் ஃபேனை நிறுத்த வேண்டும். தராசுக்குக் கண்ணாடிக் கூண்டு இருக்கிறது, கதவையும் சாத்தியாயிற்று, இருந்தாலும் நிறுத்தியே ஆக வேண்டும். ஏப்ரல் வெயிலில் நெருப்புக்குப் பக்கத்தில் நான்கு பேர் வியர்த்து வழிய உட்கார்ந்திருப்பார்கள். அப்பா தலையை நிமிர்த்தாமலே "கண்ணு, ஃபேன்" என்பார். பள்ளி விடுமுறையில் அந்த சுவிட்ச்தான் என் பொறுப்பு. சிவப்பு எண்கள் ஓடி ஓடி நிற்கும். மூன்றாவது தசமம் மட்டும் ஒன்றா இரண்டா என்று கொஞ்ச நேரம் தவித்துவிட்டு அடங்கும். அது அடங்கும்வரை பட்டறையில் பேச்சே இருக்காது.

அந்த மாதிரி ஓர் அமைதியை மறுபடி நான் பார்த்தது 2024 மே மாதத்தில், ஜப்பானில் ட்சுகுபா நகரில். கேஇகே ஆய்வுக்கூடத்தில் பெல் 2 என்ற கருவியின் கட்டுப்பாட்டு அறையில் எனக்கு மாலை ஷிப்ட். நான்கு மணிக்கு உட்கார்ந்தால் நள்ளிரவில்தான் எழுந்திருக்க முடியும். தரைக்குக் கீழே 11 மீட்டர் ஆழத்தில் 3 கிலோமீட்டர் சுற்றளவுக்கு ஒரு சுரங்கம் ஓடுகிறது. அதில் எலக்ட்ரான்கள் ஒரு திசையிலும், அவற்றின் எதிர்த்துகள்களான பாசிட்ரான்கள் எதிர்த்திசையிலும் சுற்றிவந்து எங்கள் கருவியின் நடுவில் மோதிக்கொள்கின்றன. ஷிப்டில் இருப்பவர் பெரும்பாலும் திரைகளைப் பார்த்துக்கொண்டிருப்பார், எங்காவது சிவப்பு தெரிந்தால் உரிய ஆளைக் கூப்பிடுவார். அன்றைக்கு பீம் இரண்டு தடவை திடீரென்று போய்விட்டது. ஒவ்வொரு தடவையும் வளையத்தை மறுபடி நிரப்பி, மோதல்களின் எண்ணிக்கை பழைய நிலைக்கு ஏறும்வரை அறையில் யாரும் அதிகம் பேசவில்லை.

நான் முனைவர் பட்டத்துக்காகப் பின்தொடரும் துகளுக்கு எக்ஸ்(3872) என்று பெயர். என்னவென்று தெரியாததால் எக்ஸ். 3872 என்பது அதன் நிறை, மெகா எலக்ட்ரான்வோல்ட் கணக்கில். நாங்கள் சுருக்கமாக எம்இவி என்போம். ஒரு புரோட்டான் 938 எம்இவி. அப்படியானால் இது நான்கு புரோட்டான்களைவிடக் கொஞ்சம் கூடுதல். ஒரு ஹீலியம் அணுக்கரு முழுவதையும் தூக்கிப் பக்கத்தில் வைத்தால்கூட இதுதான் சற்றுக் கனமாக இருக்கும். இப்போது அதிகாரப்பூர்வப் பட்டியலில் அதற்குக் கை-சி1(3872) என்று முறையான பெயர் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் கூட்டங்களில் இன்னும் எல்லோரும் எக்ஸ் என்றுதான் சொல்கிறார்கள். எனக்கும் அதுதான் பிடித்திருக்கிறது, ஏனென்றால் அந்தப் பெயரில் இருக்கும் கேள்வி இன்னும் தீரவில்லை.

கொஞ்சம் பின்னால் போய்த் தொடங்குகிறேன். என் பி.எஸ்சி. நோட்டில் குவார்க்குகளைப் பற்றி இரண்டே வரிதான் இருந்தது. மூன்று குவார்க் சேர்ந்தால் பேரியான், புரோட்டானும் நியூட்ரானும் அந்த ரகம். ஒரு குவார்க்கும் ஓர் எதிர்க்குவார்க்கும் சேர்ந்தால் மீசான். அவ்வளவுதான், இதைத் தாண்டி எதுவும் கிடையாது என்று மனதில் பதிந்துவிட்டது. பல வருடம் கழித்து, மரே கெல்-மன் 1964-இல் குவார்க் என்ற கருத்தை முன்வைத்த மூலக் கட்டுரையைத் தேடிப் படித்தேன். இரண்டே பக்கம். அதில் பேரியானுக்கு மூன்று குவார்க் என்று சொன்ன கையோடு, நான்கு குவார்க்கும் ஓர் எதிர்க்குவார்க்குமாக ஐந்தும் சேரலாம் என்று எழுதியிருக்கிறார். மீசானுக்கும் அப்படியே. ஒன்றும் ஒன்றும் சேரலாம், இரண்டும் இரண்டுமாக நான்கும் சேரலாம். குவார்க் என்ற சொல் அச்சேறிய முதல் நாளிலேயே இந்தக் கூட்டணிகளும் அச்சேறிவிட்டன. படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ஏன் சேரலாம்? குவார்க்குகளுக்கு மின்னூட்டம் போலவே இன்னொரு பண்பு இருக்கிறது, அதற்கு நிறம் என்று பெயர். கண்ணுக்குத் தெரியும் நிறம் இல்லை, வெறும் பெயர். சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று, எதிர்க்குவார்க்குகளுக்கு அவற்றின் எதிர் நிறங்கள். வெளியே தனியாக நடமாடும் எந்தத் துகளும் மொத்தத்தில் நிறமற்றதாக இருக்க வேண்டும் என்பது இயற்கையின் கட்டளை. மூன்று நிறமும் சேர்ந்தால் கணக்கு நேராகும். ஒரு நிறமும் அதன் எதிர் நிறமும் சேர்ந்தாலும் நேராகும். இரண்டு குவார்க், இரண்டு எதிர்க்குவார்க் என்றாலும் நேராகும். ஆக, விதி எதையும் தடுக்கவில்லை. ஆனாலும் கிட்டத்தட்ட நாற்பது வருடம், இதோ நான்கு குவார்க் துகள் என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும்படி யாராலும் ஒன்றைக் காட்ட முடியவில்லை.

குவார்க்குகள் சேர்ந்த எந்தத் துகளுக்கும் ஹாட்ரான் என்று பெயர். இப்படி நான்கு, ஐந்து சேர்ந்தவற்றை எக்ஸாட்டிக் ஹாட்ரான் என்கிறோம். தமிழில் சிலர் 'விசித்திர' என்று சேர்க்கிறார்கள். ஸ்ட்ரேஞ்ச் என்றே ஒரு குவார்க் இருப்பதால் அது குழப்பத்தில் முடியும். நான் எனக்குள் அருங்கூட்டு என்று சொல்லிக்கொள்கிறேன்.

2003-க்கு வருவோம். பெல் 2-க்கு முன்பு அதே இடத்தில் இருந்தது பெல். அதைக் கட்டியது அருங்கூட்டு தேட இல்லை. பொருளும் எதிர்ப்பொருளும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை என்பதை பி மீசான் என்ற கனமான மீசான்களில் அளப்பதற்காக. அந்த வேலையையும் அழகாக முடித்தது. கோபயாஷிக்கும் மஸ்காவாவுக்கும் 2008-இல் நோபல் பரிசு கிடைத்ததற்குப் பின்னால் பெல்லின் அளவீடும், அமெரிக்காவில் இருந்த பாபார் கருவியின் அளவீடும் இருக்கின்றன. எக்ஸ் கிடைத்தது அதே தரவில், போகிற போக்கில். கொரிய இயற்பியலாளர் எஸ்.-கே. சோய் முதல் பெயராக இருக்கும் அந்தக் கட்டுரைதான் இன்றுவரை பெல் குழுவின் கட்டுரைகளில் அதிகம் மேற்கோள் காட்டப்படுவது.

அதில் உள்ள வரைபடம் ஒன்றைப் பிரிண்ட் எடுத்து என் மேசையில் ஒட்டி வைத்திருக்கிறேன். பி மீசான் சிதையும்போது ஒரு கேயானும், இரண்டு பையான்களும் (இவை லேசான மீசான்கள்), ஒரு ஜே-சையும் வந்த நிகழ்வுகளை மட்டும் பொறுக்கி எடுத்திருக்கிறார்கள். ஜே-சை என்பது சார்ம் என்ற வகைக் குவார்க்கும் எதிர் சார்மும் சேர்ந்த மீசான், 1974-இல் அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் ஒரே சமயத்தில் கண்டது. அது உடனே இரண்டு மியூயான்களாகவோ ஓர் எலக்ட்ரான், ஒரு பாசிட்ரானாகவோ பிரிந்துவிடும். இப்போது பையான்களையும் அந்த ஜோடியையும் சேர்த்து நிறை போட்டு, அதிலிருந்து ஜோடியின் நிறையை மட்டும் கழிக்கிறார்கள். பாத்திரத்தோடு எடை போட்டுவிட்டுப் பாத்திர எடையைக் கழிப்பது போலத்தான், அளவைப் பிழையில் கணிசமான பங்கு தானாக அடிபட்டுப் போகும். படத்தில் எண்கள் ஜிஇவி கணக்கில், ஆயிரம் எம்இவி ஒரு ஜிஇவி. 0.589-இல் ஒரு பெரிய கோபுரம் நிற்கிறது. அது ஏற்கெனவே தெரிந்த சை-பிரைம், ஜே-சையின் கிளர்ந்த நிலை, 489 நிகழ்வுகள். அதற்கு வலப்பக்கம் தரை மட்டமாக ஓடி, 0.775-இல் ஒற்றை ஊசி மாதிரி ஒன்று நிமிர்ந்து நிற்கிறது. 36 நிகழ்வுகள்தான். 15 கோடியே 20 லட்சம் பி மீசான் ஜோடிகளை அலசி எடுத்த 36. முதன்முதலில் அந்தப் படத்தைத் திரையில் பார்த்தவர் என்ன செய்திருப்பார் என்று நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன். எழுந்து கொஞ்ச தூரம் நடந்திருப்பார் என்று தோன்றுகிறது.

உள்ளே சார்மும் எதிர் சார்மும் இருப்பது உறுதி, ஜே-சை வெளியே வருகிறதே. வெறும் சார்ம் ஜோடி மட்டும்தான் என்றால் எந்தெந்த நிறையில் எதெது வர வேண்டும் என்று அட்டவணையே இருக்கிறது, அணுவின் ஆற்றல் படிகள் மாதிரி. அந்த அட்டவணையில் 3872-க்கு இடமில்லை. பொருந்தக்கூடியது என்று பார்த்தால் பல பத்து எம்இவி மேலே இருக்கிறது. சிகரத்தின் அகலமும் பொருந்தவில்லை. இவ்வளவு மேலே இருப்பவை பொதுவாகச் சீக்கிரம் உடைந்து பரந்த மேடாகத் தெரியும். இது ஊசி. அகலம் சுமார் 1 எம்இவிதான் என்று ஐரோப்பாவின் செர்ன் ஆய்வுக்கூடத்தில் இருக்கும் எல்எச்சிபி குழு 2020-இல் அளந்தது.

சரி, இனிமேல்தான் தராசு வருகிறது.

டி மீசான் என்று ஒன்று உண்டு, சார்மும் எதிர் அப் குவார்க்கும் சேர்ந்தது. மின்னூட்டமில்லாத டி மீசானின் நிறை 1864.84. அதே குவார்க்குகள் கொஞ்சம் கிளர்ந்த நிலையில் சேர்ந்தால் டி-ஸ்டார், 2006.85. கூட்டினால் 3871.69. எக்ஸின் நிறை 3871.65.

இந்த இரண்டு எண்களையும் முதன்முதலில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சென்னையில் விடுதி அறை, இரவு பதினொன்று. இவ்வளவு நெருக்கமாக இரண்டு எண்கள் தற்செயலாக வருமா என்ன? இரண்டு உருப்படிகளைத் தனித்தனியாக எடை போட்டாலும், அவை சேர்ந்ததை எடை போட்டாலும், ஒரே கணக்கு. அளவைப் பிழைக்குள் இரண்டும் ஒன்றேதான். எக்ஸ் கொஞ்சம் குறைவா, கொஞ்சம் கூடுதலா என்பதைக்கூட இன்னும் அடித்துச் சொல்ல முடியாது.

இது ஏன் பெரிய விஷயம் என்றால், அணுக்கரு உலகத்தில் இரண்டு பொருள்கள் ஒட்டிக்கொண்டால் எடை குறைந்தே தீரும். புரோட்டானும் நியூட்ரானும் ஒட்டி டியூட்டெரான் ஆகும்போது 2.2 எம்இவி காணாமல் போகிறது. நகை செய்யும்போது போகும் சேதாரம் மாதிரி என்று முதலில் நினைத்துக்கொண்டேன், ஆனால் அது சரியில்லை. பட்டறையில் சேதாரம் என்றால் அரத்தில் போன தூள் எங்காவது கிடக்கும். அப்பா தரைக் குப்பையைக்கூட வீசாமல் பெருக்கிச் சேர்த்து வைப்பார், அதிலிருந்து தங்கம் திரும்பவும் வரும். இங்கே தூள் எதுவும் உதிரவில்லை. ஒட்டிக்கொண்டதற்கான விலையாக நிறையே ஆற்றலாக வெளியேறிவிடுகிறது. எவ்வளவு குறைந்ததோ அவ்வளவு இறுக்கமாக ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். எக்ஸில் குறைவே இல்லை என்னும் அளவுக்குக் குறைவு.

அன்றிரவு ஷிப்ட் முடிந்து விடுதிக்கு நடந்துகொண்டிருந்தேன். கேஇகே-யைச் சுற்றி நெல்வயல்கள், மே மாதம் நடவு முடிந்து தண்ணீர் நிற்கும், தவளைச் சத்தம் காதை அடைக்கும். ஜப்பானில் நள்ளிரவு என்றால் நம் ஊரில் இரவு எட்டரை மணி, அப்பா பட்டறை பூட்டும் நேரம். கூப்பிட்டேன்.

"என்ன கண்ணு, எட போட்டாச்சா?" என்றார். நான் ஏதோ எடை பார்க்கும் வேலை செய்கிறேன் என்பது அவருக்குத் தெரியும், அதை அவர் ரொம்ப மதிக்கிறார்.

"தனித்தனியா போட்ட எடையும் சேர்த்துப் போட்ட எடையும் ஒண்ணாவே வருதுங்ப்பா."

"அரப்பொடி அளவுகூடக் கொறையலையா?"

"கொறஞ்சிருக்கலாம். எங்க தராசு இன்னும் அத்தன நுணுக்கத்துக்கு எட்டலீங்ப்பா."

கொஞ்ச நேரம் ஷட்டர் இழுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் கேட்டார்: "அப்ப அது ஒரே வார்ப்பா? இல்ல, ரெண்ட பத்த வச்சதா?"

நான் நடப்பதை நிறுத்திவிட்டேன். உலகம் முழுக்க இருபது வருடமாக இந்தத் துறையில் நடக்கும் வாதம் இந்த ஒரு கேள்விதான்.

ஒரே வார்ப்பு என்றால், நான்கு குவார்க்குகளும் ஒரே உருண்டையாக, ஒன்றோடொன்று நிறவிசையால் நேராகப் பிணைந்திருக்கின்றன. அளவு ஏறக்குறைய ஒரு புரோட்டான் அளவு, ஒரு ஃபெர்மி, அதாவது ஒரு மில்லிமீட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. இதைக் கச்சிதமான டெட்ராகுவார்க் என்கிறார்கள். பற்றவைத்தது என்றால், டி ஒரு பக்கம், எதிர் டி-ஸ்டார் ஒரு பக்கம், இரண்டும் தனித்தனியே நிறமற்ற முழு மீசான்கள். வெளியே கசியும் எஞ்சிய விசையால் மட்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. இதை மூலக்கூறு என்கிறார்கள். வேதியியல் மூலக்கூறு இல்லை, அதே மாதிரி தளர்வான சேர்க்கை என்பதால் அந்தப் பெயர்.

மூலக்கூறு என்றால் அதன் பருமனைக் கணக்குப் போட்டுவிடலாம். பிணைப்பு எவ்வளவு தளர்வோ அவ்வளவு விலகி நிற்கும். 0.1 எம்இவி என்று வைத்துக்கொண்டால், இரண்டு மீசான்களுக்கும் நடுவே சுமார் 14 ஃபெர்மி வருகிறது. புரோட்டானின் ஆரம் 0.84 ஃபெர்மி. புரோட்டானும் நியூட்ரானுமாக 208 அடைந்த காரீய அணுக்கருவின் ஆரமே 7 ஃபெர்மி அளவில்தான். நான்கே நான்கு குவார்க்குகள் சேர்ந்து ஒரு காரீயக் கருவின் அகலத்துக்குக் கையை விரித்து நிற்கின்றன என்றால், அந்தக் காட்சியை மனதில் கொண்டுவரவே எனக்குச் சில மாதம் பிடித்தது.

அப்பாவுக்குப் புரியும்படி நான் சொன்ன கணக்கு இது. 3872-இல் 0.1 என்றால் ஏறக்குறைய 39,000-இல் ஒரு பங்கு. ஒரு சவரனை, எட்டு கிராமை, தராசில் வைத்து 0.2 மில்லிகிராம் வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். அவருடைய தராசு ஒரு மில்லிதான் காட்டும். "எடக்கல்லு சரியா இருக்கோணுமே" என்றார். அதுவும் நியாயம்தான். டி, டி-ஸ்டார் இரண்டும்தான் எங்கள் எடைக்கல். அவற்றின் நிறையிலேயே சிறு பிழை இருக்கிறது. எக்ஸை எவ்வளவு துல்லியமாக அளந்தாலும் அந்தப் பிழை கூடவே வரும்.

எடை மட்டும் பார்த்தால் மூலக்கூறு என்று முடிவு கட்டிவிடலாம். ஆனால் வேறு பக்கத்திலிருந்தும் சாட்சிகள் வருகின்றன. புரோட்டான்கள் பெரும் வேகத்தில் மோதும் இடங்களில், முன்பு அமெரிக்காவின் ஃபெர்மிலேபிலும் இப்போது செர்னிலும், எக்ஸ் தாராளமாக உருவாகிறது. அவ்வளவு கொந்தளிப்பில், பிடிமானமே இல்லாத இரண்டு மீசான்கள் ஏறக்குறைய ஒரே வேகத்தில், ஒரே திசையில் பக்கத்துப் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொள்வது எப்படி என்பது நல்ல கேள்வி. இன்னொன்று, எக்ஸ் ஒரு ஃபோட்டானை, அதாவது ஓர் ஒளித்துகளை, உமிழ்ந்து சிதையும்போது ஜே-சைக்குப் போவதைவிட சை-பிரைமுக்குப் போவது அதிகம் என்று எல்எச்சிபி 2024-இல் துல்லியமாக அளந்து சொன்னது. தளர்ந்த மூலக்கூறு மட்டும்தான் என்றால் பொதுவாக இதற்கு நேர்மாறாகத்தான் எதிர்பார்ப்பார்கள். உள்ளே இறுக்கமான ஒரு கருவும் இருக்கிறது என்பவர்களுக்கு அது வலுவான வாதம்.

என் கருத்தைக் கேட்டால், இரண்டும் கலந்தது என்பேன். நடுவில் சிறிய இறுக்கமான உருண்டை, அதைச் சுற்றி வெகுதூரம் பரவிய மீசான் ஜோடி. குவாண்டம் விதிப்படி ஒரே துகள் ஒரே நேரத்தில் இரண்டு மாதிரியாகவும் இருக்கலாம், எந்தப் பங்கு எவ்வளவு என்பதுதான் கேள்வி. துறையில் பலர் இந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறார்கள். ஆனால் 'கலந்தது' என்று வாயால் சொன்னால் போதாது. எவ்வளவு செம்பு, எவ்வளவு தங்கம் என்று சொன்னால்தானே மாற்றுச் சொன்னதாகும்?

எக்ஸ் மட்டும் இருந்திருந்தால், இது வெறும் சார்ம் ஜோடியின் ஏதோ கோணல் வடிவம் என்று ஒதுக்கியிருப்பார்கள். ஒதுக்க முடியாமல் செய்தது 2007-இல் பெல்லே கண்ட இசட்(4430). அதன் அழகு அதன் மின்னூட்டத்தில் இருக்கிறது. சார்மும் எதிர் சார்மும் சேர்ந்தால் மின்னூட்டம் பூஜ்யம். இசட்டுக்கு மின்னூட்டம் ஒன்று. அந்த ஒன்று எங்கிருந்து வந்தது? ஓர் அப் குவார்க்கும் ஓர் எதிர் டவுனும் கூட இருந்தே ஆக வேண்டும். ஒரே வரியில் நான்கு என்று நிரூபணமாகிவிடுகிறது. இந்த வாதத்தை எத்தனை தடவை மாணவர்களுக்குச் சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை. முதலில் சந்தேகப்பட்டார்கள், 2014-இல் எல்எச்சிபி அதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் உறுதி செய்தது. நடுவில் 2013-இல் பெய்ஜிங்கின் பெஸ் 3 குழுவும் பெல்லும் இசட்-சி(3900) என்ற இன்னொன்றைக் கண்டன.

ஐந்து குவார்க் கதையில் முதலில் ஏமாற்றம்தான் வந்தது. எக்ஸ் கிடைத்த அதே 2003-இல், ஜப்பானின் ஸ்ப்ரிங்-8 வளாகத்திலிருந்து தீட்டா பிளஸ் என்ற பென்டாகுவார்க் அறிவிப்பு வந்தது. பல ஆய்வுக்கூடங்கள் தங்களுக்கும் தெரிகிறது என்றன. பிறகு அமெரிக்காவில் ஜெஃபர்சன் ஆய்வுக்கூடத்தில் பல மடங்கு அதிகத் தரவோடு பார்த்தபோது அங்கே எதுவுமே இல்லை. குறைந்த நிகழ்வுகளை வைத்துக்கொண்டு பேசும்போது எவ்வளவு கவனம் வேண்டும் என்பதற்கு எங்கள் துறையில் எல்லோரும் சொல்லும் உதாரணம் இது. நான் அந்த 36 நிகழ்வுகளைப் பார்க்கும்போதெல்லாம் இதுவும் கூடவே நினைவுக்கு வரும்.

நிற்கும் பென்டாகுவார்க் 2015-இல் செர்னில் கிடைத்தது. எல்எச்சிபி இரண்டு சிகரங்களை அறிவித்தது, 4380, 4450. 2019-இல் ஒன்பது மடங்கு தரவு சேர்ந்ததும் மறுபடி பார்த்தால், 4450 என்று நினைத்த ஒற்றைச் சிகரம் 4440, 4457 என்று இரண்டாகப் பிரிந்து நின்றது. கேஇகே வாசலிலிருந்து பார்த்தால் ட்சுகுபா மலை தெரியும். மேகம் இறங்கிய நாளில் ஒரே மலையாக மங்கலாக இருக்கும். வானம் தெளிந்தால் நந்தாய், நியோதாய் என்று இரண்டு உச்சிகள், இரண்டுக்கும் ஆறே மீட்டர் உயர வித்தியாசம். 2019 கட்டுரையின் வரைபடத்தைப் பார்க்கும்போது எனக்கு அந்த மலைதான் ஞாபகம் வரும்.

அப்புறம் 2020-இல் எக்ஸ்(6900). இரண்டு சார்ம், இரண்டு எதிர் சார்ம், லேசான குவார்க் ஒன்றுகூட இல்லை. மீசான்களுக்கு நடுவே பையானைப் பரிமாறிக்கொண்டு பிடித்து நிற்கும் வழி இங்கே இல்லாததால், இது ஒரே வார்ப்பு என்று சொல்பவர்களுக்கு வலுவான ஆதாரம். அடுத்த வருடமே அதற்கு நேரெதிரான ஒன்று வந்தது, டி-சிசி. இரண்டு சார்ம் குவார்க்குகள், அவற்றோடு எதிர் அப், எதிர் டவுன். சார்மும் எதிர் சார்மும் இல்லை என்பதால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள வழியில்லை. அறிவிக்கப்பட்டபோது அதுவரை கண்ட அருங்கூட்டுகளில் அதற்குத்தான் நீண்ட ஆயுள். இதன் நிறையும் டி-ஸ்டார், டி இரண்டின் கூட்டுத்தொகைக்கு வெறும் 0.4 எம்இவிக்கும் குறைவான தூரத்தில், கீழே நிற்கிறது. எக்ஸைப் போலவே விளிம்பில். ஆனால் இது விளிம்புக்கு எந்தப் பக்கம் என்று தெளிவாகத் தெரிகிறது. அந்தத் தெளிவு எக்ஸில் கிடைத்தால் போதும் என்றுதான் நான் ஏங்குகிறேன்.

இங்கேதான் என் சின்ன வேலை வருகிறது. எக்ஸ் சிதையும் வழிகளில் ஒன்று, டி மீசானும் எதிர் டி மீசானும் ஒரு நடுநிலைப் பையானுமாகப் பிரிவது. எந்த இரண்டால் ஆனது என்று சந்தேகப்படுகிறோமோ அவையே வெளியே வரும் வழி இது. எக்ஸ் இந்த வழியில் எந்த வடிவச் சிகரத்தைக் காட்டுகிறது என்பது விளிம்பின் எந்தப் பக்கம் என்பதையும், கலவையில் எது எவ்வளவு என்பதையும் சொல்லும். சிரமம் அந்த நடுநிலைப் பையானில் இருக்கிறது. அது உடனே இரண்டு ஃபோட்டான்களாகிவிடும், அவற்றுக்கு ஆற்றலும் குறைவு. ஆனால் எலக்ட்ரானும் பாசிட்ரானும் மோதும் இடம் புரோட்டான் மோதலைவிடச் சுத்தமானது. அதனால் ஃபோட்டான் பிடிப்பதில் பெல் 2-க்கு நல்ல வாய்ப்பு. உள்ளே 8,736 சீசியம் அயோடைடு படிகங்கள் அதற்காகவே அடுக்கப்பட்டிருக்கின்றன. அதற்கும் உள்ளே தடம் பார்க்கும் சிலிக்கான் பட்டை அடுக்குகளில் ஒன்றை மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் செய்து தந்தார்கள். சென்னை ஐஐடி உட்பட நம் நாட்டின் பல இடங்களிலிருந்து ஆட்கள் இருக்கிறார்கள். நள்ளிரவு ஷிப்டில் பக்கத்து நாற்காலியிலிருந்து தமிழ் கேட்பது அபூர்வமில்லை.

என் வரைபடத்தில் 3870-க்கும் 3875-க்கும் நடுவே சாம்பல் பட்டை ஒன்று போட்டு மூடியிருக்கிறது. முறைகள் எல்லாம் சரிபார்க்கப்பட்டு, குழுவின் உள் மதிப்பாய்வு முடியும்வரை அந்த இடத்தை நானே திறந்து பார்க்கக்கூடாது. பார்த்தால் மனம் தன்னையறியாமல் அந்தப் பக்கம் கணக்கை இழுக்கும். இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை. வாடிக்கையாளர் எடையைச் சொல்வதற்கு முன்பே தராசில் வைத்துப் பார்த்துவிட வேண்டும் என்பது அவர் பழக்கம்.

போன வாரம் பேசும்போது அவராகவே அந்தப் பேச்சை எடுத்தார். "நீ அன்னிக்கு சொன்னத யோசிச்சேன் கண்ணு. பத்த வச்சா பொடி வெக்கோணும், எட மாறும். எடயே மாறலைன்னா அது பத்த வச்சதில்ல. கொக்கி. சும்மா மாட்டி இருக்குது." செயினின் நுனியில் இருக்கும் அந்தச் சின்னக் கொக்கியைத்தான் சொன்னார். மூலக்கூறு என்ற சொல்லைவிட இது எனக்கு நெருக்கமாக இருக்கிறது. என் நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன்.

இந்த வாரம் முழுக்க எடைக்கல் சரிபார்க்கும் வேலை. டி-ஸ்டார் சிதைந்து டி மீசானும் நடுநிலைப் பையானுமாகும்போது, இரண்டு நிறைக்கும் வித்தியாசம் 142.0 எம்இவி வர வேண்டும், அது உலகம் ஒப்புக்கொண்ட எண். என் தேர்வில் நேற்று 142.3 வந்தது. குறைந்த ஆற்றல் ஃபோட்டான்களுக்குப் போடும் திருத்தத்தில் எங்கோ பிசகியிருக்கிறது, படிகங்களின் ஓரத்தில் விழுபவற்றில் என்று சந்தேகப்படுகிறேன். அவற்றைத் தனியே பிரித்து இன்றிரவு மறுபடி ஓட விட்டிருக்கிறேன், காலையில் எண் வந்துவிடும்.